புதிய பைதானும் பழைய நிரல்களும்

மைசூரு நகரின் மேற்குப் பகுதியில், மானசகங்கோத்ரி என்னும் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அமைந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் மத்திய அரசினால் தோற்றுவிக்கப்பெற்ற இந்த ஸ்தாபனத்தில், நம் நாட்டு மொழிகளின் சொற்களையும் வாக்கியங்களையும் பல்லாயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து திரட்டிக் கணிப்பொறியில் சேமித்து வைக்கும் பணி நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. இத்தகைய பணியில் ஈடுபட்டுள்ள எவரும் கணிப்பொறியிடம் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி மிகவும் எளியது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்பதே அது.

‘மைசூரு’ என்ற சொல்லையே எடுத்துக் கொள்வோம். மை, சூ, ரு என அதில் மூன்று எழுத்துக்கள் இருப்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் சொல்லி விடுவான். ஆனால், இன்று உலகெங்கும் பெருவழக்கிலுள்ள பைதான் என்னும் நிரல்மொழியின் பழைய பதிப்பிடம் இதே கேள்வியைக் கேட்டால், அது சாதாரணமாகத் தரும் விடை 18 ஆகும். புதிய பதிப்பிடம் கேட்டாலோ 6 என்று விடை வரும். ஒரே மொழியின் இரு பதிப்புக்கள் ஒரே சொல்லுக்கு இவ்வாறு வெவ்வேறு விடைகள் தருவது ஏன்? மேம்பட்ட விடையைத் தரும் புதிய பதிப்பு 2008-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தும், நிரல் எழுதுவோர் பழையதைக் கைவிடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக் கொண்டது ஏன்? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

பைதான் மொழியை ஆக்கியவர் கைடோ வான் ராசம் என்னும் டச்சு நாட்டு நிபுணர். ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி வந்த அவர் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வேலையைத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் முதற் பதிப்பை வெளியிட்டார். அக்காலத்தில் கணிப்பொறிக்கு எழுத்து என்பதும் பைட் என்பதும் ஒன்றே. பைட் என்பது 256 வேறுபட்ட மதிப்புக்களில் ஒன்றைத் தாங்கக்கூடிய நினைவு அறை. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துக்கள், இலக்கங்கள், நிறுத்தக் குறிகள் யாவும் 128 மதிப்புக்களுக்குள் அடங்கி விடுமாதலால், ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்ற ஏற்பாடு அம்மொழிக்குப் போதுமானதாக இருந்தது.

இந்திய மொழிகளுக்கும் அன்று ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் செய்யப்பட்டது. 1991-இல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் அங்கீகரித்த ‘இஸ்கி’ என்ற குறிமுறையில், முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் எஞ்சிய இடங்கள் இந்திய எழுத்துக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. அதே காலத்தில் மத்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளின் தரவுகளைத் திரட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளின் பொறுப்பு மைசூரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மொழி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் என்பது இலக்கு. அத்தரவுகள் இஸ்கியில் சேமிக்கப்பட்டன. அம்முறையில் ‘மைசூரு’ என்னும் சொல் மகரம், ஐகாரக் குறி, சகரம், ஊகாரக் குறி, ரகரம், உகரக் குறி என ஆறு அறைகளைப் பிடித்தது. பைட்டுக்களை எண்ணினாலும் குறிகளை எண்ணினாலும் ஒரே தொகையே கிடைத்தது.

பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவியது. மைசூரு நிறுவனமும் இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து பதினான்கு தெற்காசிய மொழிகளுக்கான ஒரு பெருந் தரவுத் தொகுதியை யூனிகோடு முறையிலேயே வெளியிட்டன. 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இந்திய மொழிகளுக்கான தரவுக் கூட்டமைப்பு ஒன்றும் அந்நிறுவனத்திலேயே நிறுவப்பட்டது. யூனிகோடு எழுத்துக்களைக் கோப்புக்களில் எழுதப் பெரும்பாலும் கையாளப்படும் முறையில், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ், கன்னடக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுக்கள் வேண்டும். ஆகவே ஆறு குறிகள் பதினெட்டு பைட்டுக்களாக விரிந்தன. பழைய பைதான் தந்த 18 என்ற விடையின் மர்மம் இதுதான். அது எழுத்தை எண்ணவில்லை, அறையை எண்ணியது. இதே ஊர்ப் பெயரைக் கன்னடத்தில் எழுதினாலும் கணக்கு மாறுவதில்லை.

இக்குறை பைதான் மொழியினருக்குத் தெரியாததன்று. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 2.0 பதிப்பிலேயே யூனிகோடுச் சரம் என்ற தனி வகை ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனால் பழைய பைட் சரமும் அப்படியே நீடித்தது. இரண்டும் ஒரே நிரலில் கலந்து வந்தால், பைட் சரத்தை ஆங்கிலம் என்று தானாகவே அனுமானித்துக் கொண்டு மொழி மேலே சென்றது. இந்த அனுமானம் விளைத்த தொல்லை கொஞ்சமன்று. நிரலை எழுதியவர் ஆங்கிலப் பெயர்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார். யாவும் ஒழுங்காக நடைபெறும். சில மாதங்கள் கழித்துப் பயன்படுத்துபவர் ஒருவர் தம் பெயரைத் தமிழிலோ கன்னடத்திலோ இட்டவுடன், 128-க்கு மேற்பட்ட மதிப்பு ஒன்றைக் கண்ட நிரல் திகைத்து நின்று விடும். பிழை எங்கோ பிறந்து, வேறெங்கோ வெளிப்படும். ஆங்கிலம் மட்டுமே கையாண்டவர்கள் வாழ்நாளில் ஒரு முறையும் இப்பிழையைச் சந்தித்திருக்க மாட்டார்கள். இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பின்னால் நேர்ந்த தாமதத்துக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

ஒட்டுப் போட்டுத் தீர்க்கக்கூடிய குறை இதுவல்ல என்று முடிவு செய்த மொழி அமைப்பாளர்கள், பழைய நிரல்கள் ஓடாமற் போனாலும் சரி என்று துணிந்து, 2008 டிசம்பர் 3-ஆம் நாள் 3.0 பதிப்பை வெளியிட்டனர். அதில் சரம் என்றால் யூனிகோடுச் சரம் ஒன்றே. பைட்டுக்கள் வேறு வகை. இரண்டையும் கலக்க முற்பட்டால் ஆங்கிலமாயிருப்பினும் நிரல் உடனே நின்று விடும். நிரலில் வரும் மாறிகளின் பெயர்களையும் தமிழிலேயே எழுதலாம் என்ற வசதி கிட்டியது. வேறு சில திருத்தங்களும் செய்யப்பட்டன. திரையில் அச்சிடும் ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணால் வகுத்தால் பின்னமும் சேர்ந்து வரலாயிற்று.

அச்சிடும் கட்டளையின் மாற்றத்தையே பலரும் பெரிதாகப் பேசினர். உண்மையில் அது அற்பமானது. அடைப்புக்குறி இல்லையென்றால் நிரல் தொடங்கவே தொடங்காது, திருத்திக் கொள்ளலாம். வகுத்தல் மாற்றம் அப்படிப்பட்டதன்று. ஆயிரம் சொற்களில் ஒரு குறிப்பிட்ட சொல் 250 முறை வருகிறதென்று வைத்துக் கொள்வோம். அதன் விகிதத்தைக் காண 250-ஐ 1000-ஆல் வகுக்கச் சொன்னால், பழைய பதிப்பு பின்னத்தை விலக்கி 0 என்று விடை சொல்லும். புதியது 0.25 என்று சொல்லும். நிரல் நிற்பதில்லை, எச்சரிக்கையும் தருவதில்லை. பழைய நிரலை ஒரு பதிப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்பவர் ஒவ்வொரு வகுத்தல் குறியின் அருகிலும் நின்று, இங்கே பின்னம் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் யாரைக் கேட்பது?

நாணய மாற்றத்தோடு ஓர் ஒப்பீடு

நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் தசம நாணய முறை அமலுக்கு வந்ததை இங்கு நினைவுகூர்வது பயனுடையது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்படி என்றிருந்த கணக்கு, 100 நயா பைசா என்று மாறியது. மாற்றம் பெரிதுதான், ஆயினும் பழைய நாணயமும் புதிய நாணயமும் சில காலம் சேர்ந்தே புழங்கின. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நான்கணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணைகள் கடைதோறும் தொங்கின. கடைக்காரர் ஒரே கல்லாப் பெட்டியில் இருவகைக் காசுகளையும் போட்டுக் கொண்டார். வாங்குபவர் பழையதைக் கொடுத்துப் புதியதைச் சில்லறையாகப் பெற்றார். 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற அடைமொழியும் போய், வெறும் பைசா என்றாயிற்று.

பைதான் மாற்றத்தில் இத்தகைய கல்லாப் பெட்டி முதலில் இல்லை. ஒரு நிரலின் ஒரு பகுதி பழைய பதிப்பிலும் மறு பகுதி புதிய பதிப்பிலும் இருக்க இயலாது. இக்கால நிரல் எதுவும் தனியாக இயங்குவதுமில்லை. எண்கணிதத்துக்கு ஒரு துணைத் தொகுப்பு, வரைபடங்களுக்கு மற்றொன்று, மொழி ஆராய்ச்சிக்கு இன்னொன்று என்று, உலகின் பல மூலைகளில் உள்ள பலர் எழுதி இலவசமாக வழங்கிய தொகுப்புக்களின் மேல் அது நிற்கிறது. அவற்றுள் ஒன்று பழைய பதிப்பிலேயே தங்கி விட்டாலும் நிரல் முழுவதும் தங்க வேண்டியதுதான். அத்தொகுப்பை எழுதியவரோ, தம்மைப் பயன்படுத்துவோர் அனைவரும் பழைய பதிப்பில் இருக்கையில் தாம் மட்டும் மாறுவானேன் என்று காத்திருந்தார். ஒருவருக்காக மற்றவர் காத்திருந்த இந்த நிலை சில ஆண்டுகள் நீடித்தது.

எண்கணிதத் தொகுப்பான நம்பை 2010-இல் புதிய பதிப்பை ஏற்றது. அதன் மேல் நிற்கும் விஞ்ஞானத் தொகுப்பான சைபை மறு ஆண்டில் ஏற்றது. இணையதளங்கள் அமைக்க உதவும் ஜாங்கோ, 2013 பிப்ரவரியில் வந்த தன் 1.5 பதிப்பில்தான் முதன்முதலாக, அதுவும் சோதனை அளவில், புதிய பைதானுக்கு இடமளித்தது. பெரிதும் பயன்பட்ட தொகுப்புக்களை வரிசைப்படுத்தி, மாறாதவற்றைச் சிவப்பில் காட்டும் பட்டியல் ஒன்றை ஆர்வலர் சிலர் வெளியிட்டு, அதற்கு ‘வெட்கச் சுவர்’ என்று பெயரிட்டிருந்தனர். பச்சை நிறம் மிகுந்த பிறகு அதன் பெயர் ‘வல்லமைச் சுவர்’ என மாற்றப்பட்டது. வெட்கப்படுத்தியதால் வேலை விரைந்ததா என்பது ஐயமே. ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைத்தவர்களை வெட்கப்படச் சொல்வது அவ்வளவு பொருத்தமாகவும் தோன்றவில்லை.

தாமதித்த எல்லோரையும் சோம்பேறிகள் என்று ஒதுக்கி விடவும் முடியாது. நிரல் கோப்புக்களின் மாற்றங்களைப் பதிவு செய்து காக்கும் மெர்க்குரியல் என்ற கருவி பைதானில் எழுதப்பட்டது. அது கையாள்பவை பைட்டுக்களே. கோப்பின் பெயர் எந்த மொழியில் எந்தக் குறிமுறையில் இருந்தாலும் மாற்றாமல் திருப்பித் தர வேண்டியது அதன் கடமை. சரம் அனைத்தும் யூனிகோடு என்ற புதிய விதி அதற்கு உதவியாக இராமல் இடையூறாகவே இருந்தது. பைட் சரங்களை வடிவமைக்கும் பழைய வசதி 2015-இல் வந்த 3.5 பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பின்னரும் அக்கருவி புதிய பைதானை அதிகாரபூர்வமாக ஏற்க 2019 நவம்பர் ஆயிற்று.

இந்திய மொழியாளரின் நிலை இன்னும் விசித்திரமானது. பழைய பதிப்பிலேயே தமிழையும் கன்னடத்தையும் கவனமாகக் கையாண்டவர்கள், ஒவ்வொரு சரத்தின் முன்னும் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை இட்டு, இது யூனிகோடு என்று குறித்து வைத்திருந்தனர். புதிய பதிப்பில் எல்லாச் சரங்களும் யூனிகோடு ஆகி விட்டமையால் இந்தக் குறி தேவையற்றது என்று கருதி, 3.0 பதிப்பில் அதை நீக்கி விட்டனர். விளைவு என்ன? முறையாக எழுதப்பட்ட நிரல்களே புதிய பதிப்பில் முதல் வரியிலேயே நின்றன! எவர் நன்மைக்காக மாற்றம் செய்யப்பட்டதோ அவர்களே தண்டனை பெற்றார்கள். இத்தவறு உணரப்பட்டு, 2012 செப்டம்பரில் வெளிவந்த 3.3 பதிப்பில் ‘யு’ குறி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பொருள் எதுவும் அதற்கு இல்லை. பழைய நிரல் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது.

இங்கேதான் மாற்றம் உண்மையில் வேகம் பெற்றது எனலாம். தொடக்கத்தில் மொழி அமைப்பாளர்கள் கூறிய வழி, பழைய பதிப்பில் நிரலை வைத்துக் கொண்டு, ஒரு மொழிபெயர்ப்புக் கருவியினால் அவ்வப்போது புதிய பதிப்புக்கு மாற்றிக் கொள்வது. நடைமுறையில் இது செல்லவில்லை. பிழை கண்டால் எந்த நகலில் திருத்துவது என்ற குழப்பமே மிஞ்சியது. நிரல் எழுதுவோர் தாமாகக் கண்டுபிடித்த வழி வேறு. இரண்டு பதிப்புக்களுக்கும் பொதுவான சொற்களை மட்டும் கையாண்டு, ஒரே நிரல் இரண்டிலும் ஓடுமாறு எழுதினர். இதற்கு உதவியாக 2010-இல் வெளிவந்த சிறு தொகுப்பு ஒன்றின் பெயர் ‘சிக்ஸ்’, அதாவது ஆறு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் வருவது ஆறு என்பது பெயரின் விளக்கம். பழைய காசையும் புதிய காசையும் ஒன்றாகப் போடும் கல்லாப் பெட்டி இவ்வாறு கிடைத்தது. தமிழ் எழுத்துக்களைக் கையாள்வதற்கென்றே ஆர்வலர்கள் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுப்பும் பல ஆண்டுகள் இரு பதிப்புக்களிலும் ஓடும்படியே எழுதப்பட்டு வந்தது.

கெடுவும் நீட்டிப்பும்

2010 ஜூலையில் வெளிவந்த 2.7 பதிப்பே பழைய வரிசையில் கடைசி என்றும், 2.8 என ஒன்று வரவே வராது என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு 2015 வரை பராமரிப்பு உண்டு என்பது முதல் ஏற்பாடு. ஆனால் 2.7 மிக நல்ல பதிப்பாக அமைந்து விட்டது. புதிய பதிப்பின் வசதிகள் பலவும் அதிலேயே கிட்டின. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்த ஒரு நிறுவனத்துக்கு, செலவு செய்து மாறுவதனால் உடனடி ஆதாயம் ஒன்றும் தென்படவில்லை. அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பரவியிருந்த ரெட்ஹாட் வகை இயக்கமுறைகளிலோ, மென்பொருளை நிறுவும் கருவியே பழைய பைதானைச் சார்ந்திருந்தது. அதை நீக்கினால் கணிப்பொறியே முடங்கும். எனவே 2014 ஏப்ரலில் கெடு 2020-க்கு நீட்டிக்கப்பட்டது. இது இரக்கமா, பலவீனமா என்று அப்போது விவாதம் எழுந்தது. நீட்டிப்பைக் கேட்டுச் சிலர் வேலையை மறுபடி ஒத்திப் போட்டனர் என்பதை மறுக்க முடியாது. எனினும் இந்தத் தேதி இனி மாறாது என்பது உறுதியாகத் தெரிந்த பிறகு தொகுப்பாளர்கள் ஒவ்வொருவராகத் தாமும் ஒரு தேதியை அறிவிக்கலாயினர். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பழைய பைதானை முற்றிலும் கைவிட்டது. இன்ஸ்டாகிராம் 2017-இலும் டிராப்பாக்ஸ் 2018-இலும் தங்கள் மாபெரும் நிரல்களை மாற்றி முடித்ததாக அறிவித்தன. பைதானை ஆக்கிய வான் ராசம் அவர்களே டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் அப்போது பணியாற்றி வந்தார் என்பதும், அங்கும் இவ்வேலை அவ்வளவு காலம் பிடித்தது என்பதும் கவனிக்கத்தக்கன.

2020 ஜனவரி 1-ஆம் நாளுடன் பழைய பதிப்பின் பராமரிப்பு முடிவுற்றது. ஏப்ரலில் 2.7.18 என்ற இறுதி வெளியீடு வந்தது. துணைத் தொகுப்புக்களைத் தருவித்து நிறுவும் ‘பிப்’ என்னும் கருவியும் 2021 ஜனவரியில் பழைய பைதானுக்கு விடை கொடுத்தது. பழைய பைதானை உள்ளடக்கிய ரெட்ஹாட் 7-ஆம் பதிப்பின் வழக்கமான பராமரிப்புக் காலமோ 2024 ஜூன் இறுதி வரை நீடித்தது.

கற்போரின் நிலை இதற்கு நேர்மாறானது. புதிதாகப் பயில்பவருக்குப் பழைய சுமை ஏதுமில்லை. 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் மூன்றாம் பதிப்பையே கற்பிக்கிறது. அப்புத்தகத்தைப் படித்து வந்த மாணவர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, முன்னவர் ஒருவர் 2012-இல் எழுதி வைத்துப் போன நிரலைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பழைய நிரல் ஓடவில்லை. அது ஓடினாலன்றி, அந்த ஆய்வேட்டில் அச்சாகியுள்ள எண்ணிக்கைகள் எவ்வாறு கிடைத்தன என்பதைச் சரிபார்க்க இயலாது. சராசரிச் சொல் நீளம் என்று ஓர் அட்டவணை கூறினால், அது எழுத்தின் எண்ணிக்கையா, குறியின் எண்ணிக்கையா, மும்மடங்கான பைட்டின் எண்ணிக்கையா? நிரலைப் படித்தாலொழிய விளங்காது. திரட்டிய சொற்கள் அழிந்து விடவில்லை. அவற்றிலிருந்து பெற்ற முடிவுகளை நம்பலாமா என்பதே கேள்வி.

கிரந்த ஏடுகளும் பதினாறு துணுக்குகளும்

மைசூரைப் பொறுத்தவரை இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1891-இல் தோன்றிய கீழைநாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்நகரில் உள்ளது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திர ஓலைச்சுவடியை அதன் நூலகர் ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி 1905-இல் கண்டெடுத்து, 1909-இல் பதிப்பித்தது உலகறிந்த செய்தி. அச்சுவடி கிரந்த எழுத்தில் அமைந்தது. தமிழகத்திலும் பெருவழக்கிலிருந்த இந்தக் கிரந்த எழுத்துக்கு 2014-இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம், முதல் 65,536 குறியெண்களுக்கு அப்பாற்பட்டது. கல்வெட்டுக்களின் பிராமி எழுத்தும் அவ்வாறே அப்பால் உள்ளது.

பழைய பைதானில் யூனிகோடுச் சரத்தை அமைப்பதற்கு இரண்டு முறைகள் இருந்தன. விண்டோஸ் கணிப்பொறிகளுக்கென வெளியிடப்பட்டதில், குறி ஒன்றுக்குப் பதினாறு துணுக்குகள் கொண்ட அறை ஒன்றே ஒதுக்கப்பட்டது. 65,536-க்கு மேற்பட்ட எண் அதில் அடங்காதாகையால், கிரந்த எழுத்து ஒன்று இரண்டு அறைகளாகப் பிளந்து வைக்கப்பட்டது. பைட்டுக் குழப்பத்தை விலக்கி யூனிகோடுச் சரத்தையே கவனமாகப் பயன்படுத்திய ஆராய்ச்சியாளரும், கிரந்தத்தைத் தொட்டவுடன் ஓரெழுத்துக்கு இரண்டு என்ற தவறான விடையைப் பெற்றிருப்பார். லினக்ஸ் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அகன்ற அறைகள் இருந்தமையால் அங்கே சரியான விடை கிட்டியிருக்கும். ஒரே நிரல், ஒரே கோப்பு, ஒரே பதிப்பு எண். மேசை மாறினால் விடை மாறும்! 3.3 பதிப்பில் சரத்தின் உள்ளமைப்பு முற்றிலும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு சரமும் தன்னிடமுள்ள மிகப் பெரிய குறியெண்ணுக்கு ஏற்ப அறையின் அகலத்தைத் தானே அமைத்துக் கொள்கிறது. ஆங்கிலச் சரம் சிறிய அறைகளோடும், தமிழ்ச் சரம் நடுத்தர அறைகளோடும், கிரந்தச் சரம் அகன்ற அறைகளோடும் அமைகின்றன. விடை எங்கும் ஒன்றே. புதிய பதிப்பின் பெரும் பயன்களில் ஒன்றாக இதைக் கருதலாம். ஆனால் மாற்றத்தைப் பற்றிய விவாதங்களில் அடைப்புக்குறியைப் பற்றிய பேச்சே பெரிதாக ஒலித்தது.

முதலில் கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை. புதிய பைதான் ‘மைசூரு’வுக்கு 6 என்கிறது; நாமோ 3 என்கிறோம். யூனிகோடு மெய்யெழுத்தின் அகர வடிவத்தையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணுவதால் வரும் வேறுபாடு இது; பைதானின் பிழையன்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து அங்கீகரித்தது. அம்முறையில் எழுதினால் பைதானும் 3 என்றே சொல்லும். எனினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், பிற இடங்களுக்கு அனுப்பும் கோப்புக்களில் பொது யூனிகோடே வழங்குகிறது. அக்கோப்புக்களில் எழுத்தை எண்ண விரும்புவோர், மேலே குறிப்பிட்ட ‘ஓப்பன் தமிழ்’ போன்ற தொகுப்பின் துணையை நாடலாம். அது குறிகளை அவற்றுக்குரிய மெய்யோடு சேர்த்துப் பிரித்து, மை, சூ, ரு என மூன்றாகத் திருப்பித் தருகிறது.